முகப்பு விளக்கை அணைத்த பிறகு

பன்னிரண்டாம் கிலோமீட்டர்க் கல் வந்ததும்
முகப்பு விளக்கை அணைத்துவிட வேண்டும்.
மலையுச்சியில் பெரிய கண்ணாடிகள் விழித்திருக்கின்றன,
எங்கள் வெளிச்சம் அவற்றுக்கு உறுத்தும்.
அதற்குமேல் வண்டியை ஓட்டுவது
பக்கவிளக்கின் மஞ்சளும்
பத்தொன்பது வருடப் பழக்கமும்.

பின்னிருக்கைகளில் வானியலாளர்கள்
வாய் பிளந்து தூங்குகிறார்கள்.
முன்பு செம்புச் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றினேன்.
அவர்கள் தலையும் வளைவுகளில்
இப்படித்தான் சாயும்.

போன ஆகஸ்டில் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.
எங்கள் அட்டகாமா அவர்களுக்கு
வேறொரு விண்மீன் திரளாம்.
சமையற்கட்டு ரொசால்பாவை
முகம் முழுக்க வெள்ளிச்சாயம் பூசி
நாள்கூலிக்கு நிற்க வைத்தார்கள்.
ஒரு வாரம் அடுப்படியில்
காதோரம் மின்னிக்கொண்டே சூப் ஊற்றினாள்.
ஏழு மண்டலங்களின் பேரரசி
என் வண்டியில்தான் ஏறினாள்.
நான்காம் கொண்டையூசி வளைவில்
என் சாப்பாட்டுப் பைக்குள் வாந்தியெடுத்தாள்.
பாவம், நல்ல பெண். மன்னிப்புக் கேட்டு
வேறு பை வாங்கித் தந்தாள்.

படத்தை அந்தோஃபகாஸ்தாவில் பார்த்தோம்.
ரொசால்பா இரண்டு நொடி வந்தாள், கைதட்டினோம்.
காற்றே இல்லாத இடத்தில்
காது கிழிய வெடித்தார்கள்.
ஒரு திரளிலிருந்து இன்னொன்றுக்கு
கண்ணிமைக்கும் நேரத்தில் போனார்கள்.
தால்தாலிலிருந்து மலைக்குப் போக
எனக்கு இரண்டு மணி நேரம்.

என் மகள் யஸ்னாவுக்குப் பதின்மூன்று.
அவள் லெக்கிங்ஸில் கேலக்ஸி,
கைப்பேசி உறையில் கேலக்ஸி,
மழையே பெய்யாத ஊரில் அடம்பிடித்து வாங்கிய
குடையிலும் அதுவே.
பிறந்தநாள் கேக்கில் ஊதாவும் இளஞ்சிவப்பும் சுழன்றன,
இரண்டு நாள் வீட்டில் எல்லார் நாக்கும்
கத்தரிப்பூ நிறம்.
"மேலே அசல் படம் இருக்குமே,
ஒன்று கொண்டு வா" என்றாள்.

பிர்கித்தேயிடம் கேட்டேன்.
டென்மார்க்காரி,
இரவு முழுக்க உப்பு பிஸ்கட் தின்பவள்.
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
சாம்பல்.
முன்கண்ணாடியில் பூச்சி மோதித் துடைத்த தடம்போல
நடுவில் கொஞ்சம் வெளுப்பு.
நிறம் எங்கே என்றேன்.
"வடிகட்டியை மாற்றி மாற்றி எடுப்போம்.
சாயம் பிறகு ஏறும்."
அப்படியானால் பொய்யா?
பிஸ்கட்டைக் கடித்தபடி யோசித்தாள்.
"பொய்யில்லை. இருட்டில் உங்கள் கண்தான்
நிறத்தைக் கைவிட்டுவிடுகிறது."

அந்த டிசம்பர் இரவில் இறங்கும்போது
ரேடியேட்டர் கொதித்தது.
இருவரும் சாலையோரம் நின்றோம்.
தெற்கே அந்த இரண்டு திட்டுகள்.
மேகமென்றால் நகர்ந்து போய்விடும்,
இங்கே மேகம் வந்தால்தானே.
பெரிய கந்தல், சின்னக் கந்தல் என்போம்
ஓட்டுநர்கள் நாங்கள்.
இந்த மாதத்தில் பெரிய கந்தல்
ஆன்டெனாக் கம்பத்தைத் தாண்டினால்
காப்பி போடும் நேரம்.
என்ன அது என்று
பேச்சுக்குக் கேட்டுவைத்தேன்.
"தெரியாதா? அவைதான். இரண்டுமே.
பெரியதிலிருந்து வெளிச்சம் இங்கே வர
ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆண்டு."

பத்தொன்பது வருடமாக
அவற்றைப் பார்த்துக்கொண்டுதான்
ஒன்றுக்குப் போயிருக்கிறேன்.

யஸ்னாவிடம் சொன்னேன்.
என்ன நிறம் என்றாள்.
சாம்பல்.
"அதை எவன் வாங்குவான்?"
காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

நேற்று வீடு திரும்பியபோது விடியவில்லை.
தெருவிளக்கு ஃப்யூஸ் போயிருந்தது.
பின்புறக் கொடியில் அவள் லெக்கிங்ஸ்
ஒற்றை கிளிப்பில் தொங்கி
கடற்காற்றில் மெல்லச் சுழன்றது.
ஊதா இல்லை, இளஞ்சிவப்பு இல்லை,
சாம்பலில் கொஞ்சம் வெளுப்பு.
வண்டிச் சாவியோடு கிட்டப் போய்த்
தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் ஈரம்.